உஷார்! பேகன் போர்வையில் சாகும் குஞ்சுகள்

இங்க் ஃபில்லரைக் கீழே வையுங்கள். பால் கிண்ணத்தையும் தள்ளி வையுங்கள். மரத்தடியில் கிடந்த குஞ்சைத் தூக்கிவந்து மடியில் வைத்திருக்கிறீர்கள் என்றால், அடுத்த பத்து நிமிஷத்தில் நீங்கள் காட்டப்போகும் பாசம்தான் அதற்கு எமன். மிகையாகச் சொல்லவில்லை. நானே அப்படி ஒன்றைக் கொன்றிருக்கிறேன்.

அப்போது எனக்குப் பத்து வயது. திருத்தணியில் எங்கள் வீட்டுக் கொல்லையில், வேப்பமரத்தடியில் ஒரு மைனாக் குஞ்சு கிடந்தது. “ஐயோ பாவம், தாயைத் தொலைச்சிட்டு நிக்குது” என்றாள் ஆயா. “அய்யோ பாபம்” என்றாள் பக்கத்து வீட்டு அவ்வா. 1960 ஏப்ரல் 1-இல்தான் ஆந்திரத்திலிருந்து தமிழ்நாட்டுக்கு வந்த ஊர் எங்களுடையது. இரக்கப்படுவதென்றால் இரண்டு மொழியிலும் இரக்கப்படுவோம். பால்சோற்றைக் குழையப் பிசைந்து, தண்ணீர் கலந்து, ஃபில்லரால் சொட்டுச் சொட்டாக விட்டோம். குஞ்சு வாயைப் பிளந்து பிளந்து வாங்கிக்கொண்டது. “பாரு, எவ்ளோ பசி” என்று வீடே கூடி நின்று பூரித்தது. விளக்கு வைக்கிற நேரத்தில் அதன் மூக்கோரம் குமிழ் குமிழாக வந்தது. ராத்திரி அடங்கிவிட்டது. முருங்கை மரத்தடியில் புதைத்தோம். “அதோட ஆயுசு அவ்ளோதான்” என்றாள் ஆயா. ஆயுசைக் குறைத்ததே நாங்கள்தான் என்று எனக்குப் புரிய இருபது வருஷம் பிடித்தது.

பறவைக்கு மூச்சுக்குழாயின் வாசல் நாக்குக்குப் பின்னாலேயே இருக்கிறது. குஞ்சு வாயைத் திறந்தால் கண்ணால் பார்க்கலாம், சின்னதாக ஒரு பிளவு. பசியில் அண்ணாந்து நிற்கும் குஞ்சின் வாயில் நாம் விடும் சொட்டு, இரைப்பைக்குப் போக வேண்டியது, நேராக அந்தப் பிளவுக்குள் இறங்கிவிடும். பால் என்றில்லை. காய்ச்சி ஆறவைத்த தண்ணீரும் இதே வேலையைத்தான் செய்யும். நுரையீரலில் நீர் கோத்துக்கொள்ளும். சிலது உடனே போகும், சிலது ஒருநாள் இழுத்துக்கொண்டு கிடந்து போகும். நம் தெருப் பறவைகளில் பெரும்பாலானவை குஞ்சுக்குத் தனியாகத் தண்ணீர் புகட்டுவதே இல்லை. புழுவிலும் பழத்திலும் உள்ள ஈரமே அதற்குத் தண்ணீர்.

பால் விஷயத்தில் இன்னொரு வில்லங்கமும் உண்டு. பாலில் இருக்கும் சர்க்கரையைச் செரிக்கும் சக்தி பறவை வயிற்றுக்குக் கிடையாது. கழிச்சல் வந்து, உள்ள ஈரமும் வற்றிப்போகும். “புறாவுக்குப் பால் சுரக்குமாமே” என்று கேட்பவர்கள் இருக்கிறார்கள். சுரக்கும், ஆண் புறாவுக்கும் சுரக்கும், பெண் புறாவுக்கும் சுரக்கும், தொண்டைப் பையில் தயிர்க்கட்டி மாதிரி. அதற்கும் ஆவின் பாக்கெட்டுக்கும் ஒட்டும் இல்லை, உறவும் இல்லை.

சோறு, பிரெட், பிஸ்கட் எல்லாம் வயிற்றை நிரப்பும், உடம்பைக் கட்டாது. முற்றத்தில் அரிசி பொறுக்கும் சிட்டுக்குருவிகூடத் தன் குஞ்சுக்குப் புழுவும் பூச்சியுமாகத்தான் தேடிப்போய்க் கொண்டுவருகிறது. சோறு தின்று நாலைந்து நாள் உயிரோடு இருக்கும் குஞ்சைப் பார்த்து ஏமாறாதீர்கள். சுண்ணாம்புச் சத்து இல்லாமல் காலும் சிறகும் வளைந்துபோகும். அப்புறம் அதைப் பறக்கவிட எந்த முருகன் வந்தாலும் முடியாது.

வையாவிக் கோப்பெரும் பேகனை உங்களுக்குத் தெரியும். மயில் அகவியதைக் கேட்டு, குளிரில் நடுங்குகிறது என்று நினைத்துத் தன் போர்வையை எடுத்துப் போர்த்திய வள்ளல். பழனி மலைப் பக்கத்து ஆள். எங்கள் திருத்தணி போல அதுவும் முருகன் மலைதான். இப்படி முன்பின் யோசிக்காமல் அள்ளிக் கொடுப்பதற்குக் கொடைமடம் என்று பெயர் வைத்துப் புலவர்கள் பாராட்டினார்கள். பாராட்டட்டும், அந்தக் கதையில் யாருக்கும் நஷ்டம் இல்லை. மயில் போர்வையை உதறிவிட்டுத் தன் பாட்டுக்குப் போயிருக்கும். உள்ளங்கை அளவுக் குஞ்சால் உதற முடியாது. அதுதான் என் பயம்.

பயத்துக்குக் காலமும் இதுதான். கோடை பிறந்து ஆடி முடியும்வரை எங்கள் ஊரில் குஞ்சு விழும் சீசன். மைனா, காக்கை, குயில், தவிட்டுக்குருவி, புள்ளி ஆந்தை எல்லாம் வரிசையாக வரும். அதோடு வெயில். நூறு டிகிரியைத் தாண்டிய ஊர்களை டி.வி.யில் வாசிக்கும்போது திருத்தணி பெயர் வராத கத்திரி உண்டா? சிமென்ட் ஷீட்டுக்கும் சுவருக்கும் இடையிலுள்ள பொந்து, அந்த வெயிலில் தோசைக்கல்தான். 2022 ஜூனில் ஸ்பெயின் நாட்டில் செவில், கோர்தோபா நகரங்களில் இதுவே நடந்தது. கட்டட இடுக்குகளில் கூடு வைத்திருந்த உழவாரன் குருவிகளின் குஞ்சுகள், கூட்டுக்குள் வெக்கை தாங்க முடியாமல், பறக்கத் தெரியாத வயதிலேயே வெளியே வந்து தரையில் விழுந்தன, நூற்றுக்கணக்கில். அதற்கு முந்தைய மாதம் அகமதாபாத்தில் வளர்ந்த பறவைகளே நீர் வற்றி வானத்திலிருந்து விழுந்துகொண்டிருந்தன.

ஆகவே விழும். விழுந்ததைப் பார்த்ததும் செய்ய வேண்டிய முதல் வேலை, கையைப் பின்னால் கட்டிக்கொண்டு குனிந்து பார்ப்பது.

உடம்பில் இறகே இல்லாமல், ரோஜா நிறத் தோலும் மூடிய கண்ணும் பெரிய வயிறுமாகக் கிடந்தால், அது மொட்டைக் குஞ்சு. கூட்டிலிருந்து தவறி விழுந்ததுதான். அதற்கு உதவி வேண்டும், அதைப் பின்னால் சொல்கிறேன். ஆனால் நம் கையில் வந்து சேர்வதில் பெரும்பாலானவை இந்த ரகம் கிடையாது. உடம்பெல்லாம் இறகு, வாயோரத்தில் மட்டும் மஞ்சள், வால் கட்டையாக, அங்கங்கே பஞ்சு ஒட்டினாற்போல். விரலை நீட்டினால் பிடித்துக்கொள்ளும். தத்தித் தத்திப் போகும், ஓரடி எழும்பி மறுபடி விழும். இதைத்தான் “அடிபட்டுப் பறக்க முடியாம கிடக்கு” என்று தூக்கிக்கொண்டு வருகிறார்கள். அடியும் இல்லை, ஒன்றும் இல்லை. நடை பழகும் பிள்ளை வாசலில் விழுந்து எழுவதைப் பார்த்து, அனாதை என்று தூக்கிக்கொண்டு போனால் என்ன பெயர்? பிள்ளைபிடிக்காரன் என்று கட்டிவைத்து உதைப்பார்கள். பறவைக்கு அந்த வசதி இல்லை.

கூட்டை விட்டு இறங்கிச் சில நாள், சிலவற்றுக்கு ஒரு வாரத்துக்கு மேலும், தரையிலும் தாழ்ந்த கிளையிலுமாகத் தத்திக்கொண்டிருப்பதுதான் அவற்றின் பள்ளிக்கூடம். தாயும் தகப்பனும் எங்கேயும் போய்விடவில்லை. நீங்கள் நிற்பதால்தான் வராமல், எதிர் மரத்தில் உட்கார்ந்து உங்களைத் திட்டிக்கொண்டிருக்கின்றன.

காக்கை மட்டும் திட்டுவதோடு விடாது. போன மே மாதம் எங்கள் தெருவில் ஒரு அக்கா தலையில் காக்கை தட்டிவிட்டது. தண்ணீர் பிடிக்கக் குடத்தோடு போனவர், குடத்தை அங்கேயே போட்டுவிட்டு ஓடிவந்தார். தலையில் காக்கை பட்டால் சனி என்பது இங்கே எல்லாருக்கும் தெரிந்த கணக்கு. சனிக்கிழமை எள் விளக்குப் போட்டார். ஞாயிற்றுக்கிழமை மறுபடியும் தட்டியது. அடுத்து பால்காரரை, அடுத்து டியூஷனுக்குப் போகிற பையனை. தெருவுக்கே சனி பிடித்துவிட்டதா என்று பேச்சு வந்தது. எனக்கு ஒன்று உறைத்தது: எல்லாரையும் ஒரே இடத்தில்தான் தட்டுகிறது, மூலை வீட்டுக் குடிநீர்க் குழாயைச் சுற்றிப் பத்தடிக்குள். போய்க் குனிந்து பார்த்தால் சிமென்ட் தொட்டிக்குப் பின்னால், இருட்டில், நீலக் கண்ணோடு ஒரு காக்கைக் குஞ்சு.

நீலக் கண் என்றால் இன்னும் பொடியன் என்று அர்த்தம். வளர்ந்தால் கண் கறுத்துவிடும்.

சொல்லிவிட்டது தப்பாகப் போயிற்று. கால் மணி நேரத்தில் டியூஷன் பையன் அதை பிளாஸ்டிக் வாளியில் போட்டு, மேலே முறத்தைக் கவிழ்த்து, வீட்டுக்குள் வைத்துவிட்டான். “நாய் கடிச்சிடும் சார். நான் வளக்கறேன். பெரிசானதும் மலைக்கு எடுத்துப் போயி வுட்டுடறேன்.” அவன் சொன்னதில் ஒரு துளி கெட்ட எண்ணம் இல்லை. பக்கத்திலேயே கிண்ணத்தில் பாலும் இருந்தது.

நாய் விஷயத்தில் அவன் சொன்னது சரி. நாய், பூனை, வண்டிச் சக்கரம், மலையடிவாரத்தில் குரங்கு, இதெல்லாம் நிஜமான ஆபத்து. அதற்கு வழி வீட்டுக்குள் கொண்டுபோவதில்லை. கிடந்த இடத்திலிருந்து பத்தடிக்குள், அடர்ந்த செடிக்குள்ளோ மதில்மேலோ தாழ்ந்த கிளையிலோ ஏற்றிவைத்துவிட்டு ஒதுங்கிவிட வேண்டும். குரல் கேட்கிற தூரத்தில் வைத்தால் பெற்றவை தேடி வந்துவிடும். தெருநாயை ஒரு மணி நேரம் விரட்டுங்கள், வீட்டுப் பூனையை இரண்டு நாள் உள்ளே அடையுங்கள். ஒரு குஞ்சுக்காக நாம் செய்யக்கூடிய பெரிய தியாகம் அதுதான்.

குயில் குஞ்சிலும் ஏமாறுவோம். காக்கைக் கூட்டில் குயில் முட்டையிடும் கதை மூன்றாம் வகுப்புப் பிள்ளைக்கும் தெரியும். ஆனால் கறுத்த குயில் குஞ்சு ஒன்று தரையில் உட்கார்ந்து கத்த, காக்கை அதன் அருகில் இறங்கினால், “காக்கா கொத்த வருது” என்று கல்லை எடுக்கிறோம். கொத்த வரவில்லை, ஊட்ட வருகிறது. கூட்டை விட்டு இறங்கிய பிறகும் பல நாள் அந்தக் காக்கைதான் அதற்குச் சோறு போடும்.

இன்னொரு கூட்டம் உண்டு: விழவே விழாதது. ஆள்காட்டி, கவுதாரி, காடை, மயில். இவை முட்டையிடுவதே தரையில். குஞ்சுகள் பொரிந்த சூட்டிலேயே கண் திறந்து, பஞ்சு உடம்போடு தாய்க்குப் பின்னால் ஓட ஆரம்பித்துவிடும். ஆபத்து என்றால் அசையாமல் படுத்துக்கொள்ளும். அப்படிப் படுத்திருப்பதைத்தான், கரும்புத் தோட்டத்து வரப்பில் “மயங்கிக் கிடக்குது” என்று துண்டில் சுற்றி எடுத்து வருகிறார்கள். அதை எடுத்த இடத்திலேயே திரும்ப விட்டுவிட்டு நகர்ந்துவிடுங்கள். தாய் பக்கத்தில்தான் இருக்கும்.

இனி நிஜமாகவே விழுந்த மொட்டைக் குஞ்சு. மனித வாடை பட்டால் தாய் சேர்க்காது என்று ஒரு சாத்திரம் நம்மிடம் இருக்கிறது. இது எத்தனை குஞ்சுகளைக் கூட்டுக்குத் திரும்பவிடாமல் செய்திருக்கிறதோ! கை பட்டது என்பதற்காகப் பறவை தன் குஞ்சைத் தள்ளிவைப்பதில்லை. கூடு கட்டும்போதும் அடைகாக்கும்போதும் நாம் அடிக்கடி போய் எட்டிப்பார்த்தால் சில பறவைகள் கூட்டையே விட்டுப் போவதுண்டு. அந்த அனுபவம்தான் இப்படித் திரிந்திருக்க வேண்டும். குஞ்சு பொரிந்து ஊட்டத் தொடங்கிய பிறகு அவ்வளவு எளிதில் விட்டுப் போகாது. எனவே கூடு தெரிந்தால், எட்டினால், குஞ்சை எடுத்துத் திரும்ப உள்ளே வையுங்கள். அவ்வளவுதான், வைத்தியம் முடிந்தது.

காற்றில் கூடே பிய்ந்து விழுந்திருந்தால்? எங்கள் ஊரில் அதற்குத் தோதான சாமானுக்குப் பஞ்சமே இல்லை. மலைக்கு ஏறும் வழியில் பூ விற்பவர்களிடம் பழைய சின்னப் பூக்கூடை ஒன்று கேளுங்கள். தண்ணீர் தேங்காத எந்தக் கூடையும் சரி. உள்ளே காய்ந்த தேங்காய் நார், காய்ந்த புல். பச்சைப் புல் வேண்டாம், குளிர்ந்துவிடும். பஞ்சும் வேண்டாம், நகத்தில் சிக்கும். அதே மரத்தில், முடிந்தவரை அதே கிளையில், நிழலாகக் கட்டி, குஞ்சை வைத்துவிட்டு வீட்டுக்குள் வந்து ஜன்னல் வழியாகப் பாருங்கள். ஒரு மணி நேரம், இரண்டு மணி நேரம். பெரும்பாலும் வாயில் புழுவோடு ஒன்று வந்து நிற்கும். மரத்தடியில் நின்று செல்போனில் படம் பிடித்துக்கொண்டிருந்தால் சாயங்காலம்வரை வராது.

வராமல் போனால், அல்லது ரத்தம் இருந்தால், சிறகு தொங்கினால், எறும்பு மொய்த்தால், பூனை வாயிலிருந்து பிடுங்கியதாக இருந்தால், அப்போது அது உங்கள் பொறுப்பு. பூனை கவ்வியது என்றால் காயம் தெரியாவிட்டாலும் தாமதிக்கக் கூடாது. பூனை எச்சிலில் இருக்கும் கிருமி ஓரிரு நாளில் பறவையை முடித்துவிடும். அதே நாளில் மருத்துவரிடம் மருந்து வாங்கியாக வேண்டும்.

அதுவரைக்கும் ஒரு செருப்பு அட்டைப்பெட்டி போதும். நாலைந்து ஓட்டை போட்டு, பழைய காட்டன் துணியை வளையமாகச் சுருட்டி வைத்து, குஞ்சை நடுவில் வைத்து மூடிவிடுங்கள். இருட்டு அதற்கு மருந்து. ஃபேனுக்குக் கீழே வைக்காதீர்கள். மொட்டைக் குஞ்சுக்குத் தன் உடம்புச் சூட்டைத் தானே காப்பாற்றிக்கொள்ளத் தெரியாது. மழை நாளிலும் ராத்திரியிலும் வெதுவெதுப்பான தண்ணீர் பாட்டிலைத் துணியில் சுற்றிப் பக்கத்தில் வைக்கலாம். எங்கள் ஊர் மே மாதப் பகலில் அந்தப் பாட்டிலே அதற்குச் சிதை. கையால் தொட்டால் சில்லென்று இருக்கும் குஞ்சுக்கு எதையும் ஊட்டவே கூடாது, செரிக்காது. பிள்ளைகளை எட்டிப்பார்க்க விடாதீர்கள், கொஞ்ச விடாதீர்கள். பெட்டியோடு நேராக அரசு கால்நடை மருத்துவமனை, இல்லையென்றால் வனச்சரக அலுவலகம். எதற்கும் பதில் கிடைக்காத ஞாயிற்றுக்கிழமையும் வரத்தான் செய்யும். சளைக்காமல் மறுபடி கூப்பிடுங்கள்.

உழவாரனுக்கு மட்டும் தனிக் குறிப்பு. மண்டபக் கூரையிலும் பாலத்தடியிலும் இறகையும் புல்லையும் எச்சிலால் ஒட்டிக் கூடு வைக்கும் பறவை, சிறகு அரிவாள் மாதிரி வளைந்திருக்கும். கால் மிகவும் குட்டை. கம்பியில் உட்கார முடியாது, தரையிலிருந்து கிளம்பவும் படாதபாடு படும். இதை எடுத்து “பறந்து போ” என்று வானத்தில் வீசி எறிகிறார்கள். முதிராத குஞ்சாக இருந்தால் கல் மாதிரி விழுந்து நெஞ்சு உடைந்து சாகும். வீசாதீர்கள். வளர்ந்த பறவை என்றால், உயர்த்திய உள்ளங்கையில் வைத்துக்கொண்டு சும்மா நில்லுங்கள். தெம்பிருந்தால் தானே கிளம்பும்.

இப்போது சட்டம். வனத்துறையின் பெயரைச் சொன்னாலே “குருவிக்கெல்லாமா சார்” என்று சிரிப்பவர்கள் உண்டு. 1972-ஆம் ஆண்டு வனவுயிர்ப் பாதுகாப்புச் சட்டம் 2022-இல் திருத்தப்பட்டு, 2023 ஏப்ரல் 1 முதல் நடைமுறைக்கு வந்திருக்கிறது. மயில் முதல் அட்டவணையில் இருக்கிறது. மயில் முட்டையை எடுத்துக் கோழிக்கு அடைவைத்தாலும், குஞ்சைக் கொண்டுவந்து வளர்த்தாலும், குற்றம் உறுதியானால் குறைந்தது மூன்று வருஷம், ஏழு வருஷம்வரையிலும் சிறை. அபராதம் 25,000 ரூபாயிலிருந்து ஆரம்பம். முருகன் வாகனம், புண்ணியம் என்றெல்லாம் நீதிமன்றத்தில் சொல்ல முடியாது. தோட்டத்துப் பச்சைக்கிளி இரண்டாம் அட்டவணை. “கூட்டிலேர்ந்து விழுந்துச்சு, எடுத்து வளத்தோம்” என்பதுதான் கிளிக் கூண்டு வைத்திருக்கும் எல்லா வீட்டிலும் கேட்கிற கதை. 2023 பிப்ரவரியில் சென்னையில் ஒரு திரைப்பட நகைச்சுவை நடிகரின் வீட்டிலிருந்து இரண்டு பெரிய பச்சைக்கிளிகளை வனத்துறை எடுத்துச் சென்று, கிண்டி சிறுவர் பூங்காவில் விட்டது. அபராதம் இரண்டரை லட்சம் ரூபாய்.

அடிபட்டதைக் காப்பாற்றுவது குற்றமில்லை. காப்பாற்றியதை வைத்துக்கொள்வதுதான் சிக்கல். அப்படி ஒன்று கைக்கு வந்தால் 48 மணி நேரத்துக்குள் காவல் நிலையத்திலோ வனத்துறையிலோ தெரிவிக்க வேண்டும் என்று சட்டத்தில் இருக்கிறது. உத்தரப் பிரதேசம் அமேதியில் ஓர் இளைஞர் 2022-இல் கால் உடைந்த சாரஸ் கொக்கு ஒன்றை வயலிலிருந்து எடுத்துக் குணப்படுத்தினார். கொக்கு அவரை விட்டுப் போகவில்லை; அவர் பைக்குக்குப் பின்னாலேயே பறந்து வந்தது. நாடே அந்தக் காணொளியைப் பார்த்து உருகியது. 2023 மார்ச்சில் வனத்துறை கொக்கைப் பறவைகள் சரணாலயத்துக்குக் கொண்டுபோனது, கடைசியில் அது கான்பூர் விலங்குப் பூங்காக் கூண்டில் போய்ச் சேர்ந்தது. அவர்மேல் வழக்கு. அவர் பார்க்கப் போனபோது கூண்டுக்குள் அது சிறகடித்துத் துள்ளியதைப் பார்த்திருப்பீர்கள். அந்த இளைஞரின் அன்பைக் குறைசொல்ல எனக்கு வாய் வரவில்லை. ஆனாலும் வானத்தில் இருக்க வேண்டியது கம்பிக்குப் பின்னால் இருந்தது.

டியூஷன் பையனின் “மலைக்கு எடுத்துப் போயி வுட்டுடறேன்” என்பதில் எனக்கிருந்த பயமும் இதுதான். கண் திறந்த நாளிலிருந்து மனிதக் கையையே பார்த்து வளர்ந்த குஞ்சு, மனிதனையே தன் இனம் என்று எண்ணிக்கொள்ளும். ஆஸ்திரியாவின் கோன்ராட் லோரன்ஸ் வாத்துக் குஞ்சுகளிடம் இதை ஆராய்ந்தார். அவை அவர் பின்னாலேயே வரிசையாக நடந்தன. 1973-இல் அவருக்கு நோபல் பரிசு கிடைத்தது. நம் கிளிக்கு என்ன கிடைக்கும்? திருத்தணி மலையின் 365 படி ஏறிப்போய் மேலே விட்டால், பழம் தேடத் தெரியாது, பருந்தைக் கண்டால் ஒளியத் தெரியாது, தன் கூட்டத்தின் பாஷையும் தெரியாது. முதலில் பார்க்கிற பக்தர் தோளில் போய் உட்காரும். அவர் பிடித்துப் பைக்குள் போட்டுக்கொள்வார், இல்லையென்றால் குரங்கு பிடிக்கும். கடையில் வாங்கிய லவ் பேர்ட்ஸை வேண்டுதல் என்று திறந்துவிடுவது இன்னும் மோசம். அவை வெளிநாட்டுப் பறவைகள், நம் மலையில் அவற்றுக்கு என்ன இருக்கிறது?

விடுவதற்கும் ஒரு முறை உண்டு. எடுத்த இடத்திலேயே விட வேண்டும், மழை இல்லாத நாளில். பகல் பறவையைக் காலையில், ஆந்தையை அந்தி சாய்ந்ததும். தானே இரை பொறுக்கி, நன்றாகப் பறந்து, மனிதனைக் கண்டால் விலகிப் போகிறதா என்று பார்த்துவிட்டு. நம்மைக் கண்டு பயப்படாத பறவை விடுதலைக்குத் தயாராகவில்லை.

தெரிந்தவர்கள் கையில் இதெல்லாம் அழகாக நடந்திருக்கிறது, அதையும் சொல்லிவிட வேண்டும். திருநெல்வேலி மாவட்டம் கூந்தன்குளத்தில், வீட்டுக் கொல்லை மரங்களிலேயே மஞ்சள் மூக்கு நாரைகளும் கூழைக்கடாக்களும் கூடு வைக்கும். காற்றில் விழும் குஞ்சுகளை எடுத்து, மீன் கொடுத்து, பறக்கும்வரை பார்த்துக்கொண்டவர் பால்பாண்டி. அவர் மனைவியும் கூடவே நின்றார். பறவை மனிதர் என்று ஊர் பெயர் வைத்தது. கர்நாடகத்தின் கொக்கரே பெல்லூரிலும் விழுந்த கூழைக்கடாக் குஞ்சுகளைப் பட்டியில் வைத்து மீன் போட்டு வளர்த்து விடுகிறார்கள். கவனியுங்கள், பால்சோறு இல்லை, மீன். வீட்டு வரவேற்பறை இல்லை, கூட்டம் கண்ணெதிரே தெரியும் பட்டி. 2020-இல் சிவகங்கை மாவட்டம் பொத்தகுடியில் தெருவிளக்குச் சுவிட்சுப் பெட்டிக்குள் ஒரு சிறு குருவி கூடு கட்டி முட்டையிட்டது. அந்த ஊர்க்காரர்கள் கூட்டைத் தொடவில்லை. குஞ்சு பறக்கும்வரை ஒரு மாதத்துக்கு மேல் தெருவிளக்குப் போடாமல் இருட்டில் நடந்தார்கள். எனக்குத் தெரிந்து தமிழ்நாட்டில் நடந்த மிகச் சிறந்த பறவை மீட்பு அதுதான்.

கடைசியாக ஒரு உஷார், இது உங்களுக்காக. எங்கள் ஊருக்குப் பக்கத்தில் பொன்பாடியைத் தாண்டினால் ஆந்திரம். 2024 பிப்ரவரியில் நெல்லூர் மாவட்டத்திலும், 2025 பிப்ரவரியில் கோதாவரி மாவட்டங்களிலும் கோழிப் பண்ணைகளில் பறவைக் காய்ச்சல் வந்தது. 2021 தொடக்கத்தில் வட மாநிலங்களில் காக்கைகளே கூட்டமாகச் செத்தன. ஒரே இடத்தில் நாலைந்து பறவை செத்தோ தள்ளாடியோ கிடந்தால் குஞ்சு, தாய் என்று எதையும் தொடாமல் கால்நடைத் துறைக்குச் சொல்லிவிடுங்கள். மற்ற நாளிலும் எந்தப் பறவையைத் தொட்டாலும் சோப்புப் போட்டுக் கை கழுவாமல் பிள்ளையைத் தூக்க வேண்டாம்.

வாளிக்குள் இருந்த காக்கைக் குஞ்சை நானும் அந்தப் பையனும் சேர்ந்து மூலை வீட்டு மதில்மேல், பூவரசங்கிளை கவிந்த இடத்தில் வைத்தோம். நான் குடை பிடித்துக்கொண்டேன். இருந்தும் இரண்டு தட்டு விழுந்தது. அவன் பாலை எடுத்துக் குடித்துவிட்டு, மாடி ஜன்னலிலிருந்து எத்தனை தடவை ஊட்டுகிறது என்று நோட்டில் கோடு போட ஆரம்பித்தான். கணக்கு நோட்டு, அதற்காக டியூஷனில் திட்டும் வாங்கினான். அந்த நாட்களில் அக்கா முறத்தைத் தலைக்குமேல் பிடித்துக்கொண்டுதான் தண்ணீருக்குப் போவார். ஆறாம் நாள் மதில்மேல் குஞ்சைக் காணோம். எதிர் வீட்டு ஆன்டெனாவில் மூன்று காக்கை உட்கார்ந்திருந்தன, அதில் ஒன்று இன்னும் வாயைப் பிளந்துகொண்டிருந்தது. ஏழாம் நாள் அக்கா முறம் இல்லாமல் குழாயடிக்கு வந்தார். ஒன்றும் தட்டவில்லை.

“எள் விளக்கு வீண்போவல, பாத்தியா தம்பி” என்றார்.